பெரியவங்க நினைவுகளைக் குரலாப் பதிவு பண்றது: கருவி, கேள்வி, எழுத்துப்படி, சேமிப்பு

#1 மையெழுத்து
ஒரே பகுதியில ரொம்ப காலமா இருக்கிறவங்களோட நினைவுகளைக் குரலாப் பதிவு பண்ணி, எழுத்தாவும் மாத்தி, ஒரு தொகுப்பாக் கொண்டுவரணும். இருபது, இருபத்தஞ்சு பேர் இருப்பாங்க, பெரும்பாலும் 70 வயசைத் தாண்டினவங்க. கையில இருக்கிறது போன் மட்டும். மூணு சந்தேகம். போன் போதுமா? கேள்விகளை எழுதி எடுத்துட்டுப் போகணுமா? பேசினதை அப்படியே எழுதணுமா, திருத்தி எழுதணுமா? உங்க அனுபவக் கதையை இன்னொரு இழையில வச்சுக்கலாம். இங்க செய்முறை மட்டும் சொல்லுங்க.

#2 ஒலிநாடா
போன் போதும். ஆனா போனோட மைக் போதாது. சட்டைக் காலர்ல குத்துற கிளிப் மைக் ஒண்ணு வேணும், வயர் உள்ளதே நல்லது. வாயிலிருந்து ஒரு சாண் கீழ, நெஞ்செலும்புப் பக்கம் குத்துங்க. தூரம் இரட்டிப்பானா ஒலி 6 டெசிபெல் குறையும். மேசை மேல போனை வச்சுப் பதிவு பண்ணினா குரலை விட அறைதான் நல்லாக் கேக்கும், அதுக்குக் காரணம் இதுதான். சேலைத் தலைப்பு, துண்டு, சங்கிலி எதுவும் மைக் மேல உரசக் கூடாது. உரசல் சத்தத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமா எடுக்க முடியாது.

அமைப்பு: வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மோனோவா (ஒரே தடமா) எடுத்தா மணிக்குச் சுமார் 520 எம்பி, ஸ்டீரியோன்னா அதுல ரெண்டு மடங்கு. எம்பி3-ல எடுத்துட்டுப் பிறகு வேவா மாத்துறதுல பிரயோஜனமே இல்லை, போனது போனதுதான். பதிவுச் செயலியில 'தானியங்கி ஒலியளவு', 'இரைச்சல் நீக்கம்' ரெண்டையும் அணைச்சிடுங்க. தானியங்கியா விட்டா, பேசுறவங்க மூச்சு வாங்க நிறுத்துற நேரத்துல கருவி ஒலியளவைத் தானா ஏத்தி, ஃபேன் சத்தத்தை உறும விடும். அடுத்த சொல் வெடிச்சுக் கேக்கும். அளவுமுள் உச்சத்துல மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிக்கட்டும். சிரிச்சாலும் சத்தம் போட்டாலும் பூஜ்யத்தைத் தொடாது.

போனை 'ஏரோபிளேன் மோடு'ல போட்டுட்டுத்தான் தொடங்கணும். பாதியில அழைப்பு வந்தா பல செயலிகள் பதிவை நிறுத்திடும், நிறுத்தினதைச் சொல்லவும் சொல்லாது.

அறைக்குள்ள போனதும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேளுங்க. ஃப்ரிட்ஜ், ஃபேன், சுவர்க் கடிகாரம், அடுத்த அறை டிவி. ஃப்ரிட்ஜை அணைச்சா உங்க வண்டிச் சாவியை அதுக்குள்ள வச்சிடுங்க, கிளம்புறப்போ திரும்பப் போட மறக்க மாட்டீங்க. துணி, மெத்தை, புத்தகம் நிறைஞ்ச அறை நல்லது. வெறும் சுவரும் தரையும்னா குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும்.

பேச்சு முடிஞ்சதும் எழுந்துடாதீங்க. யாரும் பேசாம முப்பது நொடி அறையோட அமைதியைத் தனியாப் பிடிங்க. பின்னாடி இரைச்சலைக் குறைக்க மென்பொருளுக்கு அந்த ஒலித்துண்டு தேவைப்படும்.

#3 செம்பருத்தி
கேள்விப் பட்டியலை எழுதுங்க, ஆனா கையில வச்சுப் படிக்காதீங்க. பட்டியலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேடுற அந்த ரெண்டு நொடியில எதிர்ல இருக்கிறவங்க சுருங்கிடுவாங்க. ஆறு, ஏழு தலைப்பை மட்டும் ஒரு சீட்டுல எழுதிக்கங்க: வீடு, வேலை, படிப்பு, தண்ணி, போக்குவரத்து, நோய்நொடி, சண்டை சச்சரவு.

முதல் கேள்வி "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" வேண்டவே வேண்டாம். அதுக்குப் பிறந்த தேதியில தொடங்கி மூணு நிமிஷத்துல முடிச்சிடுவாங்க. இடத்தைக் கேளுங்க: "நீங்க சின்னப் பிள்ளையா இருந்த வீட்டு வாசல்ல நின்னா எதிர்ல என்ன தெரியும்?" இடம் வந்தா ஆட்கள் வருவாங்க, ஆட்கள் வந்தா சம்பவம் தானா வரும். பொதுவா பத்து வயசுக்கும் முப்பது வயசுக்கும் நடுவுல நடந்ததுதான் முதியவங்களுக்கு அதிகமா நினைவுல நிக்கும். ஆராய்ச்சியாளர்கள் 'நினைவு மேடு'ன்னு சொல்ற விஷயம் இது. நல்ல நேரத்தை அந்தப் பருவத்துக்கு ஒதுக்குங்க.

முக்கியமானது ஒண்ணு: நீங்க மேடைத் தமிழ்ல கேட்டா பதிலும் மேடைத் தமிழ்லதான் வரும். "தங்கள் இளமைப் பருவம் எவ்வாறு கழிந்தது?"ன்னு கேட்டுட்டு, பேச்சுல உயிர் இல்லைன்னு குறைப்படக் கூடாது. வீட்டுல அவங்களை எப்படிக் கூப்பிடுவீங்களோ, பெரியம்மாவோ தாத்தாவோ, அப்படியே கூப்பிட்டுப் பேசுங்க.

அடுத்தது கை. "இத்தாம் பெருசு இருக்கும்"னு கையை விரிச்சுக் காட்டுவாங்க. ஒலிப்பதிவுல கை இல்லை. உடனே சொல்லால கட்டணும்: "ரெண்டு முழம் இருக்குமா?" "அந்தாண்ட"ன்னா "கிழக்காலயா?" அதே மாதிரி 'மாமா'. ஒரு மணி நேரப் பேச்சுல நாலு மாமா வருவாங்க. தாய்மாமா, அத்தை வீட்டுக்காரர், மாமனார், உறவே இல்லாத பக்கத்து வீட்டுக்காரர். ஒவ்வொருத்தரும் முதல் தடவை வர்றப்போ "எந்த மாமா, அம்மா கூடப் பிறந்தவரா?"ன்னு கேட்டுப் பேரைப் பதிவுலயே வாங்கிடுங்க. முன்கூட்டியே ஒரு தாள்ல குடும்ப மரம் போட்டு எடுத்துட்டுப் போனா பாதி வேலை மிச்சம்.

ஒரு அமர்வு அறுபது நிமிஷம், மிஞ்சிப்போனா தொண்ணூறு. காலையில வச்சுக்கங்க. ஒரு காது மந்தம்னா நல்ல காதுப் பக்கம் உக்காருங்க.

#4 கறுப்புப்பூனை
உம் கொட்டுறதை விட்டுட்டீங்களே. நம்ம ஆளுங்களுக்கு உம் கொட்டாம கதை கேக்க வராது, உம் கொட்டாதவங்களுக்குக் கதை சொல்லவும் வராது. பதிவுல பார்த்தா ஒவ்வொரு வாக்கியத்தோட கடைசிச் சொல் மேலயும் கேக்குறவரோட 'உம்' ஏறி உக்காந்திருக்கும். தமிழ்ல வினைச்சொல் கடைசியில வருது. போனாரா, போகலையா, போயிருப்பாரான்னு சொல்ற இடமே அடிபட்டுப் போகும்.

#5 செம்பருத்தி
சரியான பிடி. உம்மைத் தலைக்கும் கண்ணுக்கும் மாத்துங்க. பேச்சு நின்னா உடனே அடுத்த கேள்விக்குத் தாவாம, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. பல நேரம் நல்ல விஷயம் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல வரும்.

#6 ஒலிநாடா
ரெண்டு மைக் வச்சு, இடது தடத்துல ஒருத்தர், வலது தடத்துல இன்னொருத்தர்னு ஸ்டீரியோவாப் பதிவு பண்ணினா உம் தனித் தடத்துல போயிடும். பார்வை சரியா இல்லாதவங்களுக்கு முன்னாடி தலையாட்டி என்ன பயன்? அவங்களுக்கு உம் வேணும். அங்க இந்த வழிதான்.

#7 அரைப்புள்ளி
எழுத்துப்படியைப் பற்றி. ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்யப் பழகியவருக்கே நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். வட்டாரப் பேச்சு, பல் இல்லாத உச்சரிப்பு, நடுவில் இன்னொருவர் குறுக்கிடுவது எல்லாம் சேர்ந்தால் எட்டும் ஆகலாம். இருபத்தைந்து பேரிடம் தலா இரண்டு மணி நேரம் என்றால் ஐம்பது மணி நேர ஒலி, அதாவது குறைந்தது 200 மணி நேர உழைப்பு. இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்குபவர்கள்தாம் ஒலிப்பதிவை மட்டும் குவித்துவிட்டு நின்றுபோகிறார்கள்.

தானியங்கி எழுத்துப்படி மென்பொருளை முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அது 'போயிட்டு வந்துச்சு' என்பதை 'போய்விட்டு வந்தது' என்று தானாகவே சலவை செய்துவிடும். ஆட்பெயரையும் இடப்பெயரையும் தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றும். நீண்ட மௌனத்தில் யாரும் பேசாத வாக்கியம் ஒன்றை எழுதி வைப்பதும் உண்டு. எனவே ஒலியைக் கேட்டுக்கொண்டே வரிக்கு வரி சரிபார்க்காத வரைவை வெளியே விடக்கூடாது.

அப்படியே எழுதுவதா, திருத்துவதா என்றால் இரண்டும் தேவை, இரண்டு கோப்புகளாக. முதலாவது மூலப்படி. 'வந்துச்சு', 'வந்திச்சு', 'வந்தது' மூன்றையும் எப்படிச் சொன்னார்களோ அப்படி. சிரிப்பு, அழுகை, நீண்ட நிறுத்தம் ஆகியவை பகர அடைப்புக்குறிக்குள். கேட்காத சொல்லை ஊகித்து எழுத வேண்டாம். [தெளிவில்லை 00:14:32] என்று நேரத்துடன் குறியுங்கள். இரண்டாவது வாசிப்புப்படி. இதில் திரும்பத் திரும்ப வருவதை நீக்கலாம், பத்தி பிரிக்கலாம், சிதறிய சம்பவத்தை ஒன்றாகச் சேர்க்கலாம். வினைமுற்றையும் உறவுச்சொல்லையும் மட்டும் தொடாதீர்கள். ஆளின் குரல் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

பேச்சுத் தமிழை எழுதத் தொடங்கும் முன் ஒரு பக்க விதித்தாள் போடுங்கள். 'அவங்க' என்றா 'அவுங்க' என்றா, 'இருக்குது' என்றா 'இருக்கு' என்றா, மூக்கொலியில் முடியும் 'வந்தா(ன்)', 'மர(ம்)' ஆகியவற்றில் கடைசி மெய்யெழுத்தை எழுதுவதா விடுவதா என்று தட்டச்சு செய்யும் எல்லோரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். இல்லையென்றால் பிறகு ஒரு சொல்லைத் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

தேடல் பற்றி ஒரு கூடுதல் சொல். துணைக்கால் 'ா' இருக்க வேண்டிய இடத்தில் 'ர' என்று தட்டுவது, 'ஔ' எழுத வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என இரண்டு எழுத்தாகத் தட்டுவது, இவை கண்ணுக்குத் தெரியாத பிழைகள். திரையில் சரியாகவே தோன்றும், கணினிக்கு வேறு சொல். 'ஸ்ரீ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஒன்றைத் தேடினால் மற்றொன்று வராமல் போகலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் யாராவது ஏற்கெனவே தட்டி வைத்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, பழைய கோப்பையும் சேர்த்தே வையுங்கள். மாற்றிகள் கொம்பையும் சுழியையும் அவ்வப்போது இடம் மாற்றிப் போடும். ஒப்பிட மூலம் வேண்டும்.

#8 மையெழுத்து
எல்லாருக்கும் நன்றி. இன்னொரு சிக்கல். ஒரே சம்பவம் நடந்த வருஷத்தை மூணு பேர் மூணு விதமாச் சொன்னா எதை எழுதுறது?

#9 கறுப்புப்பூனை
பழைய பத்திரிகை, பள்ளிப் பதிவேடு, பத்திரம் எதையாவது பார்த்துச் சரியான வருஷத்தைப் போட்டு முடிச்சிடுங்க. படிக்கிறவங்களைக் குழப்பக் கூடாது.

#10 அரைப்புள்ளி
இங்கே கறுப்புப்பூனையோடு உடன்பட முடியவில்லை. இத்தாலியின் தெர்னி நகரில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற இளம் எஃகுத் தொழிலாளி 1949 மார்ச் 17 அன்று காவல்துறையுடனான மோதலில் இறந்தார். நேட்டோ ராணுவக் கூட்டணியில் இத்தாலி சேர்வதை எதிர்த்து நடந்த போராட்டம் அது. பல ஆண்டுகள் கழித்து அந்நகரத் தொழிலாளர்களின் நினைவுகளை வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்த்தெல்லி பதிவு செய்தபோது, அவர்களில் பலர் அந்தச் சாவை 1953-இல் ஆலையின் பெரும் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த போராட்டத்தில் நிகழ்ந்ததாகச் சொன்னார்கள். தேதி தவறு. ஆனால் ஏன் இத்தனை பேரும் ஒரே திசையில் தவறினார்கள்? அவர்களுக்கு வேலை இழந்ததுதான் பெரிய காயம். ஒரு சாவுக்குரிய கனம் அந்தப் போராட்டத்துக்குத்தான் இருந்தது. பதிவாளர் 1949 என்று திருத்தி எழுதி நகர்ந்திருந்தால் அந்தச் செய்தியே தொலைந்திருக்கும்.

ஆகவே அவர் சொன்ன ஆண்டு மூலத்தில் அப்படியே இருக்கட்டும். அடிக்குறிப்பில் ஆவணம் சொல்லும் ஆண்டையும் அது எந்த ஆவணம் என்பதையும் எழுதுங்கள்.

#11 கறுப்புப்பூனை
அடிக்குறிப்போடன்னா சரி. அடிக்குறிப்பு இல்லாம விடுறதைத்தான் எதிர்க்கிறேன்.

#12 செம்பருத்தி
பதிவு நேரத்துல ஆண்டை நேராக் கேக்காதீங்க. "எந்த வருஷம்?"னா வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிட்டு, சொன்னதுக்காகவே அதைப் பிடிச்சுக்குவாங்க. நிச்சயமாத் தெரிஞ்ச ஒண்ணோட முடிச்சுப் போடுங்க: "மூத்தவ பிறந்ததுக்கு முன்னாடியா பின்னாடியா?" "அப்ப கரண்டு வந்துடுச்சா?" "நீங்க எத்தனாவது படிச்சீங்க?" இப்படி மூணு முடிச்சு கிடைச்சா ஓரிரு வருஷ வித்தியாசத்துக்குள்ள நிறுத்திடலாம். "அப்ப வெள்ளம் வந்திருக்குமே?"ன்னு நீங்களே எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஆமான்னு சொல்லிடுவாங்க, கொஞ்ச நேரத்துல அது அவங்க நினைவாவே ஆயிடும்.

கூட்டமா உக்கார வச்சுக் கேக்குறதுக்கும் இதே ஆபத்து. ஒருத்தர் சொன்னது எல்லாருக்கும் நினைவாப் பரவும். முதல்ல தனித்தனியா, பிறகு வேணும்னா கூட்டமா.

#13 பழம்பெட்டி
பதிவுக்குப் போற வீட்டுல பழைய படமும் கேசட்டும் எடுத்துக் காட்டுவாங்க. படத்தைக் கைமாத்தி வாங்கிட்டு வராதீங்க, அங்கேயே படியெடுங்க.

சாதாரண 4க்கு 6 அங்குலப் படம்னா 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். 2400க்கு 3600 புள்ளி, டிஃப் கோப்பாச் சுமார் 26 எம்பி. பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க. ஸ்டுடியோ முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் அங்கதான் இருக்கும். கண்ணாடிச் சட்டத்தோட ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயற்சி பண்ணாதீங்க, முகம் கண்ணாடியோட வந்துடும். கண்ணாடியோடவே, ரெண்டு பக்கமும் சாய்வா வெளிச்சம் வச்சு, ஃபிளாஷ் இல்லாமப் படம் எடுங்க. பின்பக்கம் பேர் எழுதணும்னா மென்மையான பென்சில். பால்பாயிண்ட் பேனா அழுத்தினா முன்பக்கம் மேடு தட்டும்.

வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னா படமா அனுப்ப வேண்டாம், 'ஆவணம்'னு தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்க. படமா அனுப்பினா அளவு சுருங்கும், எடுத்த தேதி உள்பட உள்தகவலும் போயிடும்.

படத்தைக் கையில கொடுத்துப் பேச வைக்கிறப்போ இடமிருந்து வலமா, முன்வரிசை முதல்ல, ஒவ்வொருத்தராப் பேர் சொல்லச் சொல்லுங்க. "இது உங்க சித்தப்பா"ன்னு விரல் வச்சுச் சொன்னது ஒலியில பூஜ்யம்.

#14 ஒலிநாடா
கேசட்னு சொன்னதால: டெக்ல (கேசட் ஓட்டுற கருவி) போடுறதுக்கு முன்னாடி முதல் வேலை, மேல் விளிம்புல இருக்கிற ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் தக்கையை உடைச்சிடுறது. அது இருந்தா ஒரு தப்புப் பொத்தான்ல முப்பது வருஷக் குரல் அழிஞ்சிடும். அடுத்து, நாடாவுக்குப் பின்னாடி இருக்கிற சின்னப் பஞ்சுத் துண்டைப் பாருங்க. அது விழுந்திருந்தா நாடா, டெக்ல அதைப் படிக்கிற 'தலை'யோட ஒட்டாது, ஒலி மூடி மூடிக் கேக்கும். அப்ப இன்னொரு கேசட் கூட்டுக்குள்ள நாடாவை மாத்தணும். அஞ்சு திருகாணி போட்ட கூடுன்னா சுலபம், ஒட்டின கூடுன்னா பொறுமை வேணும்.

பல வருஷமா ஓடாத நாடாவை முழுசா ஒரு தடவை முன்னாடியும் ஒரு தடவை பின்னாடியும் சுத்துங்க, இறுக்கம் சமமாகும். 120 நிமிஷ நாடான்னா ரொம்ப மெல்லிசு, வேகச் சுத்தலே வேண்டாம், சாதாரண வேகத்துல ஓட விடுங்க. தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால துடைச்சிட்டுத்தான் தொடங்கணும். டெக்கோட 'லைன் அவுட்'டை, ஒலியைக் கோப்பா மாத்துற கருவியோட 'லைன் இன்'ல கொடுங்க. மைக் துளையில கொடுத்தா ஒலி உடையும். குரல் மந்தமா இருந்தா, தலைக்குப் பக்கத்துல இருக்கிற சாய்வுத் திருகாணியைக் கால் சுத்துக்கும் குறைவா அசைச்சு, 'ச' 'ஸ' ஒலி கூர்மையாக் கேக்குற இடத்துல நிறுத்துங்க. ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்த இடம் மாறும்.

#15 செம்பருத்தி
ஒப்புதல் பத்தி யாரும் பேசலை. ரெண்டு தடவை வாங்கணும். முதல் தடவை பதிவுக்கு முன்னாடி: எதுக்கு, யார் கேப்பாங்க, எங்க இருக்கும், எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்னு சொல்லி. கையெழுத்துப் போட வராதவங்க பதிவுலயே வாயால சொன்னாப் போதும். ரெண்டாவது தடவை எழுத்துப்படியைப் படிச்சுக் காட்டின பிறகு. பேச்சு வேகத்துல சொன்ன பல விஷயம், வாசிச்சுக் கேட்டா "இதை எடுத்துடும்மா" ஆகும். ஒப்புதல் தாள்ல மூணு கட்டம்: எல்லாரும் கேக்கலாம், குடும்பம் மட்டும், இன்ன தேதி வரைக்கும் மூடி வைக்கணும்.

உயிரோட இருக்கிற மூணாவது ஆளைப் பத்தின குற்றச்சாட்டு, அடுத்தவங்க நோய், திருமணச் சிக்கல், இதையெல்லாம் சொன்னவங்களே சரின்னாலும் வெளியிடுற படியில பேரை எடுத்துடுங்க. சம்பந்தப்பட்டவங்க ஒப்புதல் தரலையே.

அழுதா பதிவை டக்குனு அணைக்காதீங்க, அது அவங்க ஏதோ தப்புப் பண்ணின மாதிரி ஆக்கிடும். "நிறுத்தவா, கொஞ்சம் இருந்துட்டுப் பேசலாமா?"ன்னு கேட்டு, அவங்க சொல்றதைச் செய்யுங்க.

#16 அரைப்புள்ளி
சேமிப்பு. கோப்புப் பெயரில் எண் மட்டும்: 20250614_007_01. ஆண்டு, மாதம், நாள், பேச்சாளர் எண், பகுதி. தமிழில் கோப்புப் பெயர் வைக்கலாம்தான். ஆனால் சில பழைய சுருக்க மென்பொருள்கள் அதைக் கட்டம் கட்டமாக மாற்றிவிடும். 007 யார் என்பது தனி அட்டவணையில்: பெயர், பிறந்த ஆண்டு, பதிவான இடம், கேட்டவர், ஒப்புதல் நிலை, பேசிய தலைப்புகள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இதே விவரத்தைக் குரலில் சொல்லிவிடுங்கள். அட்டவணை தொலைந்தாலும் கோப்பு அநாதையாகாது.

மூன்று படிகள், இரண்டு வேறு ஊடகங்கள், ஒன்று வேறு கட்டடத்தில். படி எடுத்தவுடன் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் எண்) ஒப்பிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும். மெமரி கார்டை அழிப்பது இரண்டு படிகள் சரிபார்த்த பிறகுதான்.

#17 மையெழுத்து
ஒருத்தர் ஒப்புதல் கொடுத்துட்டு இறந்துட்டார், பிள்ளைங்க இப்ப எடுக்கச் சொல்றாங்கன்னா?

#18 செம்பருத்தி
எந்தப் பகுதின்னு கேளுங்க. பெரும்பாலும் முழுசா எடுக்கணும்னு இருக்காது, ரெண்டு நிமிஷம்தான் உறுத்தும். வெளியிட்ட படியில அதை மூடி, மூலத்தை அழிக்காம, அட்டவணையில காரணத்தையும் தேதியையும் எழுதி வைங்க. இந்த நிலை வராம இருக்க, ஒப்புதல் தாள்லயே ஒரு வரி சேர்க்கணும்: "எனக்குப் பிறகு இதைப் பத்தி முடிவு செய்ய வேண்டியவர்." அந்த இடத்தை அவங்க கையாலயே நிரப்பச் சொல்லுங்க.

#19 மையெழுத்து
தாள்ல சேர்த்துட்டேன். கிளிப் மைக் வந்ததும் முதல்ல வெறும் அறையில சோதிச்சுப் பார்த்து, அந்தக் கோப்பை இங்க போடுறேன். ஒலிநாடா, கேட்டுட்டுச் சொல்லுங்க.

#20 ஒலிநாடா
வேவா அனுப்புங்க.